மறைப்புக்குள் போட்ட ஓட்டு

எண்பத்தாறாம் வருஷம் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து, ஜெயித்தவர்கள் கழுத்து மாலை வாடுவதற்குள், ஆதித்தன் சார் பி.ஏ. இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு அறிவிப்புச் செய்தார். அவர் அரசியல் அறிவியல் துறைத் தலைவர். அடுத்த கல்வியாண்டில் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு நடக்கப் போகிறது. மதுரையிலிருந்து பெரிய பேராசிரியர்கள் வருவார்கள். ஆனால் கட்டுரை வாசிக்கப் போவது மாணவர்கள்தான்.

"புத்தகத்தப் பாத்துக் காப்பி அடிச்சா கிழிச்சுப் போட்ருவேன். ஊர் ஊராப் போங்க. ஜனங்களக் கேளுங்க. யாருக்கு ஓட்டுப் போட்டீகன்னு மட்டும் கேக்காதீங்க. அது அவங்கவங்க ரகசியம். எப்படி முடிவு பண்ணுனீகன்னு கேளுங்க" என்றார்.

பவுனு அன்றைக்கே பெயர் கொடுத்தாள். அவள் அப்பா தேனியில் பருத்தி ஆலையில் மேஸ்திரி. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவள் அவள் ஒருத்திதான். வகுப்பில் அவள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் அவளுக்கு விடை தெரியும், ஆனால் வாக்கியம் கூடி வருவதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு தடவை மேடையேறி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது.

கூட்டாளியாகச் சேர்ந்தவள் கிருபாவதி. தேனி பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பம். கான்வென்டில் படித்தவள், ஆங்கிலம் சரளமாக வரும். "நீ ஊரப் பிடி, நான் இங்கிலீஷப் பிடிக்கிறேன்" என்று அவள் சொன்னபோது இருவருக்குமே அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. கிராமத்துப் பெண்கள் யார் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போடுகிறார்கள் என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

ஊர் என்றால் பவுனுக்கு ஓடைக்கரைப்பட்டிதான். தேவாரத்துக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அங்கே அவளுடைய தாய்மாமன் சுருளியாண்டிக்குக் கிணற்றுப் பாசனத்தில் திராட்சையும் தென்னையும் உண்டு. மாமனுக்கும் அத்தை ராமுத்தாய்க்கும் பிள்ளை இல்லை. பவுனு பிறந்ததிலிருந்து லீவு விட்டால் அங்கேதான். அவளுக்குப் பாவாடை எடுத்ததும், காது குத்தியதும், கல்லூரியில் சேர்க்க அப்பா யோசித்தபோது "எங்க பிள்ளைய நாங்க படிக்க வைப்போம், நீங்க பேசாம இருங்க மாப்பிள்ளை" என்று சண்டைக்கு நின்றதும் மாமன்தான்.

அந்தத் தேர்தலில் மாமன் ஊராட்சித் தலைவருக்கு நின்றிருந்தார். எதிர்த்து நின்றது வேலுச்சாமி. வேறு யாரும் நிற்கவில்லை. மாமனுக்கு ஏணிச் சின்னம், வேலுச்சாமிக்குப் பூட்டு. கொஞ்ச ஓட்டில் தோற்றுப் போனார். சொந்தத் தெருக்காரர்களே கவிழ்த்துவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் பங்காளி வீட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தார்.

மே மாத லீவில் பவுனும் கிருபாவதியும் அங்கே போய் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பெண்கள் மோர் கொடுத்தார்கள், உட்காரச் சாக்கு விரித்தார்கள். ஓட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே பதில்தான். "அவுக சொன்னாக, போட்டேன்." "எங்க வீட்டுல எதுல குத்தச் சொன்னாகளோ அதுல குத்துனேன்." "எனக்கென்ன தெரியும் ஆத்தா, எங்க மாமனாரு காட்டிக் குடுத்தாரு."

"எல்லாரும் ஒண்ணத்தான் சொல்றாங்க. இத வச்சு என்னத்த எழுதுறது?" என்று கிருபாவதி சலித்துக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்ப இருந்த நாளன்று மத்தியானம் கிருபாவதி பம்புசெட்டில் குளிக்கப் போயிருந்தாள். அத்தை கொல்லையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். பவுனும் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்தாள்.

"ஊரு பூராக் கேட்டியே, என்னையக் கேக்கலையே?" என்றாள் அத்தை.

பவுனு சிரித்தாள். "உங்கள என்ன அத்தை கேக்குறது? மாமாவுக்குத்தான போட்ருப்பீக."

அத்தை சிரிக்கவில்லை. கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"போடல."

பவுனு புரியாமல் பார்த்தாள்.

"பூட்டுலதான் குத்துனேன். அந்தப் பொட்டி மறைப்புக்குள்ள நிக்கிறப்ப ஏணி வரைக்கும் கையி போச்சு, எடுத்துட்டேன். வேலுச்சாமி மேல எனக்கு ஒண்ணும் பாசமில்ல. ஆனா களத்துமேட்டுல நர்சம்மாவுக்கு ரூம்பு கட்டுவேன்னு அவருதான் சொன்னாரு. ஊர்க் கூட்டத்துல உங்க மாமா விடமாட்டேன்னாக. களம் போயிரும், ஊரு நெல்ல எங்கன அடிக்கிறதுன்னாக. மூணு வருசமா அது நின்னு போச்சு." அத்தை முந்தானையால் கையைத் துடைத்தாள். "எனக்கு ரெண்டு பிள்ளையும் போடிக்குப் போற வழியில மாட்டு வண்டியிலதான் போச்சு பவுனு. ரெண்டாவது பெறக்கும்போது அழுதுச்சு. எனக்குக் கேட்டுச்சு. ஆசுபத்திரிக்குப் போயிச் சேரும்போது சத்தம் இல்ல. இங்கன ஒரு நர்சு இருந்திருந்தா நாலு எட்டுல போயிருப்பேன். உங்க மாமா அந்த வண்டிய ஓட்டிட்டு வந்தவுகதான். அவுகளுக்குக் களந்தான் பெருசாப் போச்சு."

பவுனு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சாதி சனத்துக்கிட்டயும் இதச் சொன்னதில்ல. நீ கேக்குறியேன்னுதான். எழுதிக் கிழுதிப் போட்றாத."

"பேரு போட மாட்டேன் அத்தை" என்றாள் பவுனு.

அத்தை கேட்டது எழுதாதே என்று. பவுனு சொன்னது பெயர் போட மாட்டேன் என்று. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அத்தை கவனிக்கவில்லை. பவுனு கவனித்தாள்.

கட்டுரையின் முதல் வரைவைப் பார்த்த ஆதித்தன் சார், முதல் பக்கங்களைச் சும்மா புரட்டினார். கடைசியில் வந்த அந்தப் பத்தியில் நின்றுவிட்டார். மறுபடி வாசித்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"வேட்பாளரோட சொந்த மனைவியா? புருஷனுக்கு எதிரா ஓட்டா? இது உண்மையா?"

"உண்மை சார். அவங்களே சொன்னாங்க."

"இதுதான் பவுனு கட்டுரை! மத்ததெல்லாம் சும்மா. இத விரிச்சு எழுது. இதுலதான் முடிக்கணும்."

இரண்டு வருஷத்தில் அவர் பவுனுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு துறையில் மற்ற ஆசிரியர்களும் "நீதானே அந்தப் பொண்ணு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கிருபாவதி மட்டும் முரண்டு பிடித்தாள். "எனக்கு இது சரியாப் படல. நின்னது ரெண்டே பேரு. தோத்தவரு பொண்டாட்டின்னு சொன்னா ஊருல எத்தன பேருடி இருக்காங்க?"

"ஊர் பேரே போடலையே. மலையடிவாரத்துல ஒரு கிராமம்னுதான இருக்கு. அதுவும் இங்கிலீஷ்ல. யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்க அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

"சரி, கேக்குறேன்" என்றாள் பவுனு. கேட்கவில்லை. ஆவணி மாதம் ஒரு விசேஷத்துக்கு ஓடைக்கரைப்பட்டி போயிருந்தபோது அத்தை அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். வாய் வரைக்கும் வந்தது. வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விழுங்கிவிட்டாள். கிருபாவதியிடம் "கேட்டுட்டேன், சரின்னுட்டாக" என்று சொன்னாள்.

கருத்தரங்கு நாளில் கல்லூரி அரங்கு நிறைந்திருந்தது. மாணவர்கள் போக, ஊர்ப் பிரமுகர்களுக்கும் பெற்றோர்களுக்கும் அழைப்பு போயிருந்தது. புதிதாக ஜெயித்த தலைவர்கள், உறுப்பினர்கள் என்று வெள்ளை வேட்டிகள் முன்வரிசைகளை நிறைத்திருந்தன. தலைமை தாங்க மதுரையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தலை நரைத்தவர். நல்ல பேச்சாளர் என்று பெயர் வாங்கியவர்.

வாசிப்பது பவுனுதான் என்று முன்பே பேசியிருந்ததால் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கிருபாவதி பின்னால் வர, கட்டுரையோடு மேடையேறி, மைக் முன்னால் நின்று, நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டாவது வரிசையில் மாமன் உட்கார்ந்திருந்தார்.

சலவை வேட்டி, புதுச் சட்டை. பக்கத்தில் ஓடைக்கரைப்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தங்கபாண்டி. மாமன் மடியில் ஒரு ஓலைக் கூடை, அதில் திராட்சைக் குலைகள். வாத்தியார்களுக்குக் கொடுக்கக் கொண்டு வந்திருப்பார். பவுனு தன்னைப் பார்த்ததும் மாமன் முகமெல்லாம் மலர்ந்தது. தங்கபாண்டியின் தொடையைத் தட்டி மேடையைக் காட்டினார்.

அம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். பவுனு மாமனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற கிருபாவதி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு, "உங்க மாமாதான? அந்தப் பத்திய விட்டுரு. அதுக்கு முன்னாலயே முடிச்சிரு" என்று காதில் சொன்னாள்.

பவுனு வாசிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கம் தடுமாறியது. பிறகு குரல் நிதானத்துக்கு வந்தது. வாசிக்க வாசிக்க ஒன்று அவளுக்குப் புரிந்தது. மாமனுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அவர் கட்டுரையைக் கேட்கவே இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபாண்டி கொட்டாவி விட்டான். அந்தப் பத்தி வரும் பக்கத்தைத் திருப்பினாள். ஆதித்தன் சார் ஓரத்து நாற்காலியில் முன்னால் சாய்ந்து காத்திருந்தார். மதுரைப் பேராசிரியர் பேனாவைக் கையில் எடுத்தார்.

இங்கிலீஷ்தானே என்று நினைத்தாள் பவுனு. வாசித்தாள். ஒரு வரி விடாமல், தெளிவாக, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி வாசித்தாள். புருஷனின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னத்தை விட்டுவிட்டு எதிராளியின் சின்னத்தில் குத்திய பெண்ணைப் பற்றி, அந்தப் புருஷனின் முகத்துக்கு நேராக. கிருபாவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

கைதட்டல் பலமாக இருந்தது. எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவர் மாமன்தான்.

பவுனு இறங்கப் போனாள். பேராசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கிராமத்துலருந்து பெரியவங்க நிறைய வந்திருக்கீங்க. இந்தப் பிள்ளைங்க இங்கிலீஷ்ல சொன்னத நான் தமிழ்ல சொல்லாம விட்டா பாவம்" என்று ஆரம்பித்தார். "நம்ம பொம்பளைங்க புருஷன் சொன்ன சின்னத்துலதான் குத்துவாங்கன்னு நினைக்கிறோம்ல? இவங்க ஒரு ஊருக்குப் போயிருக்காங்க. தலைவருக்கு நின்னு தோத்துப்போனவரு ஒருத்தரு. ஊரெல்லாம் கும்பிட்டு ஓட்டுக் கேட்டிருக்காரு பாவம். வீட்டுல கேக்க மறந்துட்டாரு போல! அவரு சம்சாரமே எதிர்க்கட்சிக்காரருக்குக் குத்திட்டு வந்து, அன்னைக்கு அவருக்குச் சோறு போட்டிருக்குது!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் பையன்கள் விசில் அடித்தார்கள். வெள்ளை வேட்டிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமனும் சிரித்தார். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தங்கபாண்டியிடம் ஏதோ சொல்லி மறுபடி சிரித்தார்.

"சிரிக்காதீங்க. காரணத்தக் கேளுங்க" என்றார் பேராசிரியர். இப்போது அவர் குரல் மாறியிருந்தது. "அந்தம்மா ரெண்டு குழந்தையைப் பிரசவத்துக்குப் போற வழியில மாட்டு வண்டியிலயே பறிகொடுத்தவங்க. ஊருக்கு ஒரு நர்ஸ் அறை வரணும்னு தவிச்சிருக்காங்க. அவங்க கணவர் களத்துமேட்ட விட்டுக்குடுக்க மாட்டேன்னுட்டார். எதிராளி கட்டித் தர்றேன்னார். அந்தம்மா குத்துனது ஆளுக்கு இல்ல, அந்த அறைக்கு."

தங்கபாண்டி சிரிப்பை நிறுத்திவிட்டு மெல்லத் திரும்பி மாமனைப் பார்த்தான். மாமன் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. ஆனால் அது அங்கே மறந்து விடப்பட்டதுபோல இருந்தது. உதடு விரிந்தபடியே நின்றது, கண்ணில் ஒன்றும் இல்லை. பிறகு அவர் மடியில் இருந்த கூடையைப் பார்த்துக் குனிந்தார். அதற்குப் பிறகு நிமிரவில்லை.

பவுனு எப்படி மேடையிலிருந்து இறங்கினாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாமன் அவளைத் தேடி வந்தார். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்து நின்றாள். அடித்தால்கூட நல்லது என்று இருந்தது.

"நல்லா வாசிச்ச ஆத்தா" என்றார் மாமன். அவள் முகத்தைப் பார்க்காமல், கூடையை நீட்டினார். "சாருமாருக்குக் குடுத்துரு. நாங்க பஸ்ஸப் பிடிக்கணும்."

"மாமா…"

"வாரேன்."

தங்கபாண்டி பின்னாலேயே போனான். போகும்போது திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். ஊரில் போய்ச் சொல்ல ஒரு சமாச்சாரம் கிடைத்த ஆளின் பார்வை அது.

அந்தப் பஸ்ஸையோ அடுத்த பஸ்ஸையோ பிடித்து அத்தையிடம் முதலில் போய்ச் சொல்லியிருக்கலாம். பவுனுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் சாயங்காலம் பரிசு அறிவிப்பு இருந்தது. முதல் பரிசு அவர்களுக்குத்தான் என்று ஆதித்தன் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். போகத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அரங்கில் உட்கார்ந்திருந்தாள். பெயர் கூப்பிட்டபோது எழுந்து போய்ச் சான்றிதழையும் கோப்பையையும் வாங்கிக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் அவள் சிரிக்கவும் செய்தாள்.

வெளியே வந்ததும் கிருபாவதி கேட்டாள். "உங்க அத்தைகிட்ட நெசமாக் கேட்டியா?"

பவுனு குனிந்து சான்றிதழைச் சுருட்டினாள். கிருபாவதி தான் தூக்கி வந்திருந்த கோப்பையை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை பவுனு ஓடைக்கரைப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தங்கபாண்டி கடை முன்னால் நின்றிருந்த ஆட்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து டீக்கடை பெஞ்சில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, மாமன் உட்கார்ந்து இலையில் இட்லி தின்றுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஊரில் கடையில் கை நனைத்தவர் இல்லை. இரண்டு எட்டு தள்ளி வீடு இருக்க, ஒருவர் கடையில் சாப்பிடுகிறார் என்றால் ஊருக்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பவுனுவைப் பார்த்தார். மறுபடி இலையைப் பார்த்தார்.

அத்தை அடுப்படியில் இருந்தாள். சோறு வடித்த பானை மூடியபடி இருந்தது. பவுனு வாசலிலேயே நின்றாள். உள்ளே போகக் கால் எழவில்லை.

"வா" என்றாள் அத்தை. "சாப்டியா?"

பவுனு அழ ஆரம்பித்தாள். "அத்தை, நான் பேரு போடல அத்தை…"

"ஆமா. பேரு போடலைனுதான் தங்கபாண்டி பொண்டாட்டியும் சொன்னா. தண்ணிக் கொழாயில வச்சு எல்லாருக்கும் முன்னால சொன்னா. பேரு மட்டும் போடலையாமுல்ல, மத்ததெல்லாம் வந்துருச்சாமேன்னு." அத்தை குரலை உயர்த்தவில்லை. "என் பிள்ளைக செத்தது கூடயா அங்கன வாசிச்ச? அதுக்குச் சிரிச்சாகளா, இல்ல முன்னாடியே சிரிச்சு முடிச்சிட்டாகளா?"

பவுனு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஓட்டுப் போட்டதுக்கு வெக்கப்படல பவுனு. இன்னொரு தடவ வந்தாலும் அதுலதான் குத்துவேன். உன்கிட்ட வாயைத் தொறந்தேன் பாரு, அதுக்குத்தான் எனக்கு வெக்கமா இருக்கு."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மாமன் வந்து வாசற்படியில் நின்றார். பவுனு சட்டென்று எழுந்தாள். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த பேச்சை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"மாமா, அது பூராப் பொய் மாமா. அத்தை அப்படிச் சொல்லவே இல்ல. கட்டுரை எடுப்பா இருக்கணும்னு நானாத்தான் கற்பனையா எழுதுனேன். சத்தியமா மாமா."

மாமன் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் ஆசை மாதிரி ஒன்று தெரிந்தது, நம்பிவிடலாமா என்று. அவர் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"இல்ல" என்றாள் அத்தை. "அவ பொய் சொல்லல. நாந்தான் போட்டேன். ஏன் போட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

மாமன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ போட்டது கூட இருக்கட்டும்" என்றார் கடைசியில். அவர் பேசியது அத்தையிடமா, தன்னிடமா என்று பவுனுக்குத் தெரியவில்லை. "நானும் சிரிச்சேன். எவனோ ஒரு கேணப்பயல் பொண்டாட்டின்னு நெனச்சு, அத்தன சனத்துக்கு நடுவுல, இவ மேடையில நிக்கிறா, நான் கீழ உக்காந்து சிரிச்சேன். தங்கபாண்டிகிட்ட, அவனெல்லாம் மீச வச்சுக்கலாமான்னு கேட்டேன்." அவர் குரல் உடைந்தது. "இனி நான் எப்படித் தெருவுல நடக்குறது?"

அத்தை ஒரு தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள். மாமன் அதைத் தொடவில்லை. தோட்டத்துக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பவுனு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டுக்குள் உண்மை உண்மையாகவே இருக்கட்டும். அது அவர்கள் இரண்டு பேர் சமாச்சாரம். ஊருக்கு வேண்டியது வேறு. அந்த ஓட்டை மறுபடி மறைப்புக்குள் வைக்க வேண்டுமானால் அவள் பொய்க்காரி ஆக வேண்டும். அவள் தனியாக ஆக முடியாது. கட்டுரையில் கிருபாவதியின் பெயரும் இருந்தது.

கடை சாத்தியிருந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கிருபாவதியை வீட்டு வாசலில் பார்த்துச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், அத்தையிடம் கேட்காததையும், சாரிடம் சொல்லப் போகிற பொய்யையும்.

"அப்ப ஆளுக கேட்டா நானும் சேந்து கதை கட்டுனேன்னு ஆகும்" என்றாள் கிருபாவதி. "மதுரையில எம்.ஏ.வுக்கு சாரோட கடுதாசிய நம்பித்தான்டி இருக்கேன். நான் அன்னைக்கே சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

"நான் மட்டுந்தான் எழுதுனேன், உனக்குத் தெரியாதுன்னு சொல்லிர்றேன்."

"அதையாவது உண்மையா சொல்லு" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "போய்ச் சொல்லு. எப்படியும் சொல்லித்தான ஆகணும்" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

திங்கட்கிழமை துறை அறையில் நான்கைந்து ஆசிரியர்கள் இருக்கும்போதே பவுனு ஆதித்தன் சார் முன்னால் நின்று சொன்னாள். அந்தப் பத்தி கற்பனை. அப்படி ஒரு பெண்ணை அவள் பார்க்கவில்லை. கிருபாவதிக்கு இது தெரியாது.

ஆதித்தன் சார் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பியபோது அவர் முகம் கறுத்தது. கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட மதுரை அச்சகத்துக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தார்.

"என் பேரும் சேர்ந்து போச்சேம்மா. அவ்வளவு பெரிய மனுஷன் உன் பொய்ய மைக்குல எடுத்துச் சொல்லியிருக்காரு. அவருக்கு நான் என்னன்னு எழுதுறது?"

"எம்மேல தப்புன்னு எழுதுங்க சார்."

"அந்தக் கோப்பையக் கொண்டாந்து வச்சிரு. சான்றிதழும். இனிமே என் கண்ணு முன்னால நிக்காத."

கட்டுரையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பரிசு இரண்டாவதாக வந்தவர்களுக்குப் போனது. கிருபாவதி சிபாரிசுக் கடிதம் கேட்கப் போனபோது சார் பார்க்கலாம் என்றார், எழுதவில்லை. அவள் வேறு ஒரு ஆசிரியரிடம் வாங்கிக்கொண்டாள். அந்த வருஷம் முழுக்க அவள் பவுனு பக்கத்தில் உட்காரவில்லை. பையன்கள் பவுனுக்குக் கப்சா என்று பேர் வைத்தார்கள். வராந்தாவில் அவள் போனால், "ஏலே, கருத்துக்கணிப்பு வருதுடா" என்று யாராவது சொல்வான். அவள் தலை நிமிராமல் போவாள். ஒருமுறைகூடத் திருப்பிச் சொன்னதில்லை. திருப்பிச் சொல்ல உரிமை இல்லாதவள்போலவே அந்த வருஷத்தைக் கடந்தாள்.

சமாச்சாரம் ஓடைக்கரைப்பட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. பவுனு பொய் எழுதிப் பிடிபட்டதில், கொடுத்த பரிசைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அங்கே போயிருந்த அம்மா ஊர் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். அம்மாவுக்கு உண்மை தெரியாது. பவுனு அவளிடமும் சொல்லவில்லை. தங்கபாண்டி கடையில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. ஆனால் நம்பாதவர்களாலும் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. மாமன் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார் என்று கேள்விப்பட்டாள். பங்காளி வீட்டு விசேஷத்துக்கு அவரே போய் மொய் எழுதிவிட்டு வந்தாராம். அவரும் அத்தையும் பேசிக்கொள்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்டாள். "அவுகளுக்குள்ள என்ன? பேசாமயா இருப்பாக?" என்றாள் அம்மா.

பவுனு லீவுக்கு அங்கே போகவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை.

மறு வருஷம் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லாரும் போயிருந்தார்கள். ஆற்றங்கரைக் கூட்டத்தில், வளையல் கடைகளுக்கு முன்னால், அத்தை எதிரே வந்தாள். மாமன் கொஞ்சம் தள்ளி அப்பாவோடு பேசிக்கொண்டு நின்றார். பவுனுவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

அத்தை அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. மெலிந்துபோய்விட்டாய் என்றாள். ஒரு டஜன் வளையல் வாங்கி, கையைப் பிடித்துத் தானே போட்டுவிட்டாள். பரீட்சை எப்போது என்று கேட்டாள். திராட்சைக்கு இந்த வருஷம் நோய் விழுந்துவிட்டது என்றாள்.

பவுனு கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "நீங்க எப்படி இருக்கீக அத்தை?"

அத்தை அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கடைசி வளையலை மணிக்கட்டுக்கு மேலே தள்ளிச் சரி பண்ணினாள்.

"நல்லா இருக்கேன் ஆத்தா" என்றாள்.

அதற்குப் பிறகு பவுனு எத்தனை தடவை கேட்டபோதும், கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வந்து கேட்டபோதும், அத்தை அவளிடம் சொன்னது அது ஒன்றுதான்.